பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம்

வளைகுடாவில் ஒன்பது வருஷம் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம். நடுவில் மதில். எலெக்ட்ரிக்கல் பாடத்துக்குப் பேராசிரியர் ஒருவர்தான். ஜோர்டான்காரர், தங்கமான மனிதர். அவர் ஆண்கள் கட்டடத்து ஹாலில் நின்று நடத்துவார். எங்கள் கட்டடத்தில் ஒரு பெரிய திரையில் தெரிவார். பெண்கள் அவரைப் பார்க்கலாம், அவர் பெண்களைப் பார்க்க முடியாது. சந்தேகம் கேட்பதற்கு மேசையில் ஒரு போன் இருந்தது. எடுத்துப் பேசினால் அந்தப் பக்கத்து ஹாலில் ஸ்பீக்கரில் கேட்கும், அங்கே உட்கார்ந்திருக்கும் அறுபது பையன்களுக்கும் சேர்த்து.

யார் எடுப்பார்கள்? ஒருத்தியும் எடுக்க மாட்டாள். வீட்டில் அண்ணன் தம்பிகளை அதட்டுகிற பெண்கள்தான், கேன்டீனில் கூரை பறக்கப் பேசுகிறவர்கள்தான். அந்தப் போனைக் கண்டால் மட்டும் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அதனால் எழுந்து வந்து என் காதில் சொல்வார்கள். நான் போனை எடுத்து, "சார், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்துக் கேட்பேன். ஒன்பது வருஷத்தில் அங்கே படித்துப் போன பெண்களின் சந்தேகம் எது அந்த ஹாலுக்குப் போனாலும் கோவில்பட்டி இங்கிலீஷில்தான் போயிற்று.

என் பதவியின் பெயர் திரை உதவியாளர். சிரிக்காதீர்கள், வேலைக் கடிதத்திலேயே அப்படித்தான் இருந்தது. காலையில் திரையைப் போட வேண்டும், சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும், பாடம் முடிந்ததும் அணைக்க வேண்டும். லேப் நேரத்தில் மீட்டரும் ஒயரும் எடுத்துக் கொடுக்க வேண்டும். எம்.எஸ்சி. முடித்து, ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு வந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் கரும்பலகையின் முன் நின்று பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அந்தத் தொண்டைக் கட்டுக்காக இங்கே ஏங்கியிருக்கிறேன் என்றால் யாராவது நம்புவார்களா? நிஜமாகவே ஏங்கினேன்.

சேர்ந்த இரண்டாம் மாதமே ஆண்கள் பக்கத்து லேபுக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டர் தேவை, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன். பதிலே வரவில்லை. வந்தது ஒரு வெள்ளைக்காரப் பையன். படிப்பு என்னைவிட ஒரு படி கீழே, அனுபவம் சுத்தமாக இல்லை. நல்லவன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸிலோஸ்கோப்பில் கோடு ஆடுகிறது என்றால் அவன் போன் பண்ணுவது எனக்கு. நான் இங்கிருந்து, அந்தக் குமிழைத் திருப்பு, இதைத் திருப்பு என்று சொல்லிக் கொடுப்பேன். அவனுக்குப் பெயர் இன்ஸ்ட்ரக்டர், எனக்குப் பெயர் உதவியாளர். இந்த வளைகுடாவில் நாம் வாயைத் திறக்கும் முன்னே நம் பாஸ்போர்ட் பேசிவிடும், அது பேசாமல் விட்டதை நம் தோல் பேசிவிடும். இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை. வந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய? அஜ்மானில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் முசஃபாவிலிருந்து வரும் என் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். அங்கே ஒரு கராஜில் அவர் சூப்பர்வைசர். நாளெல்லாம் சுத்தியல் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிற மனுஷர், என் சத்தம் அவருக்கு ஒன்றும் பெரிதில்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தேன். பெண்கள் காதில் வந்து சொல்லும் சந்தேகங்களில் எனக்குத் தெரிந்ததைப் போனில் கேட்பதை நிறுத்திவிட்டேன். நானே சொல்லிவிடுவேன். திரையில் பேராசிரியர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்து வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்குவேன். அந்தப் பிள்ளைகள் முகத்தில் "ஓ" என்று ஒரு தெளிவு வரும் பாருங்கள், அதற்காகவே மறுநாளும் பஸ் ஏறலாம். எனக்கே பதில் தெரியாத சந்தேகம் மட்டும் போனில் போகும். வாரத்துக்கு ஒன்று, சமயத்தில் இரண்டு.

இதனால் என்ன ஆயிற்று என்றால், அந்தப் பக்கம் பேராசிரியருக்கு ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பெண்கள் அபார மூளைக்காரிகள், சின்ன விஷயமெல்லாம் தானாகவே புரிந்துகொள்கிறார்கள், கேட்டால் மலையைப் புரட்டும் கேள்விதான் கேட்கிறார்கள் என்று. பையன்களைத் திட்டும்போது எங்களைத்தான் உதாரணம் காட்டுவாராம். எனக்கு இது தெரியவந்தபோது ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்லூரிக்குப் புது இயக்குநர் வந்தார். உள்ளூர்ப் பெண், எமிராத்தி. ஐம்பது வயது இருக்கும், அதிகம் சிரிக்க மாட்டார். அவர் வந்த ஆறாம் மாதம் அறிவிப்பு வந்தது. அடுத்த செப்டம்பரிலிருந்து ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள், திரை கிடையாது, மதிலில் இரண்டு இடத்தில் வழி திறக்கப்படும். எங்கள் கட்டடத்தில் அன்று ஒரே களேபரம். சில பெண்கள் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். வீட்டில் விடுவார்களோ மாட்டார்களோ என்று சிலர் அப்போதே போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனசார சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. திரை இல்லாததால் திரை உதவியாளர் பதவியும் இல்லை, பழக்கப்படுத்தும் காலமாக முதல் செமஸ்டர் முடியும்வரை இருக்கலாம், அதற்குப் பிறகு கலாஸ், வேலை முடிந்தது. ஒரு சின்ன வாசல் மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்த வகுப்புகளுக்கு லேப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் எடுக்கப்படுவார், நானும் விண்ணப்பிக்கலாம். இந்தக் கல்லூரியில் மூன்று வருஷமாவது பாடம் நடத்தியிருக்க வேண்டும். அதோடு தேர்வுக் குழுவின் முன்னால் மாணவர்களை வைத்து ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

மூன்று வருஷம் என்ன, ஒன்பது வருஷம் நடத்தியிருக்கிறேன். காகிதத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது, சார் பேசும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் பாடம் நடத்தினேன் என்று? வேலையைவிட்டுத் தூக்குவதற்கு அதுவே போதும். வீட்டுக்காரர் சொன்னார், போனால் போகட்டும், என் விசாவில் இரு, சும்மா வீட்டில் இரு என்று. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில், இந்தப் பாஸ்போர்ட்டில், இங்கே பாடம் நடத்தியதற்குக் கையில் ஒரு வரிச் சான்று இல்லாமல், இந்த ஊரில் இன்னொரு வகுப்பறை எனக்குக் கிடைக்காது. இது போனால் நான் டீச்சர் என்பது முடிந்தது. வருஷக் கட்டத்தில் பூஜ்யம் போட்டே விண்ணப்பத்தைக் கொடுத்தேன், பழைய ஆள் என்பதால் தேர்வு வகுப்புக்கு மட்டும் கூப்பிட்டார்கள்.

செப்டம்பரில் சேர்ந்த வகுப்பு ஆரம்பித்தது. முதல் நாளே வராந்தாவில் ஒரு பையன் காலி கிளாஸை என்னிடம் நீட்டி, ஒரு கரக் சாயா கொண்டுவரச் சொன்னான். அவன் மேல் தப்பில்லை என்று இப்போது சொல்கிறேன். அவன் வளர்ந்த வீட்டில் என் நிறத்தில் ஒரு பெண் வந்தால் கையில் தட்டோடுதான் வந்திருப்பாள். அன்றைக்கு இவ்வளவு பெருந்தன்மை இல்லை. சாயா மெஷின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, நீயே போய்ப் பிடித்துக்கொள், வோல்ட்மீட்டர் வேண்டுமென்றால் என்னிடம் வா என்றேன். அவன் காது சிவந்துபோயிற்று.

ஹாலில் பெண்கள் இடது பக்கம், பையன்கள் வலது பக்கம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, அவர்களாகவே உட்கார்ந்தார்கள். பேராசிரியர் முகமெல்லாம் பூரிப்பாக வந்தார். இத்தனை வருஷம் குரலாக மட்டும் கேட்ட மூளைக்காரிகளை நேரில் பார்க்கப் போகிறார் அல்லவா. பாடம் நடத்தினார். சந்தேகம் உண்டா என்றார். வலது பக்கம் நான்கு கை எழுந்தது. இடது பக்கம் மாஃபி, ஒன்றுகூட இல்லை. மறுநாளும் மாஃபி. ஒரு வாரம், இரண்டு வாரம், அவர் இடது பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்கிறார், நாற்பது பெண்களும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் செய்தது வேறு. நான் இடது பக்கச் சுவரோரம் நிற்பேன். என்னிடம் துண்டுச் சீட்டு வரும், இல்லாவிட்டால் ஒருத்தி நகர்ந்து வந்து காதில் சொல்லிவிட்டுப் போவாள். என்னால் சும்மா இருக்க முடியுமா? நின்ற இடத்திலிருந்தே சத்தமாக, "சார், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம்" என்பேன். இப்போது பெண்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், பத்தடி தூரத்தில். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன், ஆன்ட்டி எந்த வருஷம் படிக்கிறீர்கள் என்று கேட்டான். முன்வரிசையில் மெலிந்த பெண் ஒருத்தி, மூன்றாம் வருஷம் படிப்பவள், எனக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். புஜைராவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். என் காதில் அதிகமாகச் சந்தேகம் சொன்னவளே அவள்தான். இத்தனை நாளில் அவளுடைய முழுக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் வாரம் பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் புத்திசாலிப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். இவரிடம் இன்னும் என்ன மறைக்க என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாததைத்தான் உங்களுக்கு அனுப்பினேன், மற்றதெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன், நீங்கள் பேசும்போது சத்தத்தைக்கூடக் குறைத்திருக்கிறேன் என்று. பாராட்டுவார் என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார், "சிஸ்டர், என் பாடம் அவங்களுக்கு எங்கே புரியலன்னு ஒன்பது வருஷமா எனக்குத் தெரியவிடாம பண்ணிட்டீங்க. அவங்களுக்குக் கேட்கத் தெரியாமலும் பண்ணிட்டீங்க."

எனக்குச் சுரீர் என்றது. ஒன்பது வருஷம் உங்கள் கல்லூரி என்னை ஸ்விட்ச் போட வைத்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று பஸ்ஸில் கோபம் இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது, அந்த மனுஷர் சொன்னதில் பாதி உண்மை. மதிலைக் கட்டியது நான் இல்லை. ஆனால் மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு ராஜ்ஜியம் இருந்தது. நாற்பது பேரும் என்னை அண்டித்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. போனை எடுத்து ஒருத்தியின் கையில் திணித்து, நீயே பேசு என்று நான் ஒரு நாளாவது சொன்னேனா? இல்லை. அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை.

மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டேன். சீட்டு வந்தால் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். காதில் சொல்ல வந்தவளிடம், யல்லா, கையைத் தூக்கு, நீயே கேள் என்றேன். அவர்கள் கேட்கவில்லை. என்னிடம் பேசுவதையும் நிறுத்தினார்கள். சேர்ந்த வகுப்பு வந்ததும் மிஸ்ஸுக்குப் பெரிய ஆள் என்று நினைப்பு வந்துவிட்டது என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்களாம். அந்த இரண்டு மாதமும் எனக்கு நரகம். பையன்கள் பக்கமும் என் ஆள் இல்லை, பெண்கள் பக்கமும் என் ஆள் இல்லை.

டிசம்பரில் என் தேர்வு வகுப்பு வந்தது. முந்தின நாள் நான்கைந்து பெண்கள் மனசு கேட்காமல் வந்து, மிஸ், நாங்கள் ஆளுக்கு ஒரு கேள்வி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து கேட்கட்டுமா என்றார்கள். வேண்டாம், எனக்கு நாடகம் போடத் தெரியாது என்று விரட்டிவிட்டேன். விரட்டிவிட்டு, எதற்கு விரட்டினோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பாடம் எர்த்திங். வீட்டில் மூன்று முள் பிளக் இருக்கிறதே, அதில் மூன்றாவது முள் எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வைத்திருந்தேன். கடைசி வரிசையில் தேர்வுக் குழு: இயக்குநர், பேராசிரியர், அலுவலகத்திலிருந்து ஒருவர். புடவையா சல்வாரா என்று அரை மணி நேரம் யோசித்துப் புடவையே கட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. நான் பேசினேன், எழுதினேன், கேள்வி கேட்டேன், பையன்கள் இரண்டு பேர் பதில் சொன்னார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். இயக்குநர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்போது அந்த புஜைராப் பெண் முன்வரிசையிலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள். வந்து, பழைய மாதிரியே காதில் சொன்னாள். அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவள். துணி துவைக்கும் மெஷினைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது என்கிறாள். வீட்டில் எல்லாரும் தொட்டுப் பார்த்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. வேலைக்குச் சோம்பல்பட்டுப் பொய் சொல்கிறாள் என்கிறார்கள். மிஸ், அது எப்படி அவளுக்கு மட்டும் அடிக்கும்?

இதற்குப் பதில் எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். ஆனால் பயமா, பழக்க தோஷமா, என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. நேராக நிமிர்ந்து நின்று, கடைசி வரிசையில் இருந்த பேராசிரியரைப் பார்த்து, "சார், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம்" என்றேன்.

என் தேர்வு வகுப்பில், என் பாடத்தில், நானே.

ஹால் மொத்தமும் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. இன்றைக்குப் பாடம் நடத்துவது நான் இல்லையே சிஸ்டர் என்றார் மெதுவாக. இயக்குநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஊருக்குப் போகிற விமானத்தின் ஜன்னல் சீட்வரை கண் முன்னால் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கும்போது இன்னொரு குரல் கேட்டது. கனத்த குரல், கொஞ்சம் நடுங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்றவள்தான். தன் இடத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை அவள்.

"சந்தேகம் என்னோடது. நான் சாரைக் கேட்கல, மிஸ்ஸைத்தான் கேட்டேன். எனக்கு எப்பவும் சொல்லிக் கொடுத்தது மிஸ்தான்."

சொல்லிவிட்டு, அந்த வேலைக்காரப் பெண்ணின் கதையை முழு ஹாலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். வீட்டு விஷயம். அதுவும் சொந்தத் தாயையும் அண்ணன்களையும் குறை சொல்கிற விஷயம். பையன்கள் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கன்னம் இரண்டும் தீயாக எரிந்தது. ஆனால் ஒரு வார்த்தையை விழுங்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தேர்வும் மறந்தது, குழுவும் மறந்தது. நீங்கள் தொடும்போது காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டேன். ரப்பர் செருப்பு என்றாள். அந்தப் பெண்? வெறுங்கால், ஈரத் தரை. அவ்வளவுதான் விஷயம் என்றேன். மெஷினுக்குள் எங்கேயோ கரண்ட் கசிகிறது, சுவர் பிளக்கில் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. தரைக்குப் போக வழி இல்லாத கரண்ட், ஈரத்தில் வெறுங்காலோடு யார் தொடுகிறார்களோ அவர்கள் உடம்பு வழியாகப் போகிறது. உங்களுக்குச் செருப்பு இருந்தது, அவளுக்கு இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. "முதல்ல வீட்டுக்குப் போன் பண்ணு. மெஷின் பிளக்கை இப்பவே பிடுங்கச் சொல்லு. பாடம் எங்கேயும் ஓடிடாது."

ஹாலுக்குள் போன் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அவள் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாள். இயக்குநர் கதவைக் காட்டி, போ என்று கையசைத்தார். அவள் ஓடினாள்.

வலது பக்கம் ஒருவன் கை தூக்கினான். சாயா கேட்ட அதே பையன். அவர்கள் தெருவில் பள்ளிவாசல் வாசலில் இருக்கும் தண்ணீர் கூலரும் அப்படித்தான் சுருக்கென்று அடிக்கிறது, தொழுகைக்குக் கைகால் கழுவி, ஒளு செய்துவிட்டு வெறுங்காலோடு வருகிறவர்கள் தொட்டால் அடிக்கிறது என்றான். அதற்கு இடது பக்கத்திலிருந்து ஒருத்தி, அப்படியானால் பிரேக்கர் ஏன் விழவில்லை என்று கேட்டாள். எழுந்து நின்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து இன்னொருத்தி அவளை மறுத்துப் பேசினாள். பையன் ஒருவன் அதற்குக் குறுக்கே பேசினான். நான் பலகையில் படம் போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். நாற்பது நிமிஷம் என்று சொன்னது எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது.

அந்தப் பெண் திரும்பி வந்து, பிடுங்கிவிட்டார்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். அதற்கு முன்னால் தரையை ஈரமாக்கி அம்மாவே செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்க்கப் போனார்களாம், கத்தித் தடுத்தேன் என்றாள். ஹால் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பில் நானும் இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு குழு என்னை உட்காரச் சொன்னது. இயக்குநர் என் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, நானும் இந்தக் கல்லூரியில்தான் படித்தேன், உங்களுக்கு முந்தைய காலத்தில், அதே திரையின் முன்னால் என்றார். எங்கள் அறையில் இருந்த அம்மாள் ஸ்விட்ச் மட்டும்தான் போடுவார், அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அதுதான். என் சந்தேகங்களோடேயே நான் பட்டம் வாங்கிப் போனேன் என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் முகம் மாறவில்லை. பிறகு விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். இங்கே பாடம் நடத்திய வருஷங்கள் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார்.

நான் பேராசிரியரைப் பார்த்தேன். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒவ்வொரு வருஷ அறிக்கையிலும் பெண்கள் பக்கத்து வகுப்புகளையும் நான் எடுத்ததாகத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார் இயக்குநரிடம். இனி அதை அப்படியே விட்டுவைக்க முடியாது என்றார்.

"அந்தக் கட்டடத்துல நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். பாடம் நடத்தினது இவங்க. ஒன்பது வருஷம்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

இயக்குநர் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார். பேராசிரியர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். என்னைத் திட்டிய மனுஷர், தன் பெயரில் இருந்த ஒன்பது வருஷத்தை எடுத்து என் பெயரில் வைத்துவிட்டு, பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். நான் அவர்கள் எதிரிலேயே அழுதேன். வெட்கப்படவில்லை. வேலை எனக்குத்தான் என்று கடிதம் ஜனவரியில் வந்தது. எனக்கு அது அன்றைக்கே வந்துவிட்டது.